எங்க தோட்டத்தைத்தான் எழுதியிருக்கீங்க!

பத்திரிகை வேலைக்கு வந்திருக்கும் இளையவர்களே, உங்களில் புதிதாக வந்த ஒருவருக்கு வாசகர் பக்கத்தைக் கொடுத்தார்களாம். அந்தப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லையாம். என் காதுக்கு வந்தது. நான்தான் ஓய்வு பெற்றேன், என் காது இன்னும் வேலையில்தான் இருக்கிறது. அரசியல் பக்கம் கிடைத்தவர் மட்டும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடக்கிறாராம். அட போங்கப்பா! எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் மலேசியாவில், ஈப்போ நகரில் நான் வாசகர் பக்கத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். எங்கள் ஆசிரியர் மாதாமாதம் எழுதிய தலையங்கங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை. வாசகர்கள் போட்ட சண்டை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் அலுவலகம் ஒரு சீனர் கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மரப்படி. எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் கடிதம் எழுதுகிற ரகமே இல்லை. நேரே படியேறி வந்துவிடுவார்கள். சண்டை போட வருகிறவர்கள்கூட வெறுங்கையோடு வரமாட்டார்கள், அதுதான் நம் ஆட்களின் குணம். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை முறுக்கு, ஒருமுறை தெலுக் இந்தானிலிருந்து மீன்கூட வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, "நீங்கல்லாம் உருப்படுவீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் கீழே குரல் கொடுத்து அவர்களுக்குக் கோப்பி வரவழைப்பேன்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துப் பரம்பரை. ரயில்வேயில் கிராணி என்கிற எழுத்தர் வேலையில் இருந்துவிட்டு, எந்தக் கட்சிக்கும் கைகட்டாத பத்திரிகை ஒன்றை நடத்தியே தீருவது என்று இறங்கியவர். பேனாவைப் பிடித்தால் சிங்கம். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், "பிள்ளை, நீங்கள் கதையுங்கோ, எனக்கு உள்ளுக்கு வேலை கிடக்கு" என்று அச்சு எழுத்துகள் இருந்த பின்னறைக்குள் போய்விடுவார். அவர் எழுதியதற்கெல்லாம் திட்டு வாங்கியவள் நான். நான் ரப்பர் தோட்டத்துப் பெண், அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். திட்டு எனக்கு உறைக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு முக்கிய விஷயங்கள் இரண்டு: சாதி, அரசியல். கொஞ்ச நாளிலேயே இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டது. ஒரு கட்சிக் கிளையில் பதவிகளையெல்லாம் இரண்டு சாதிக்காரர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று, சாதிகளின் பெயரோடு ஒருமுறை எழுதினோம். அந்த இரண்டு தரப்பும் அடிக்க வருமென்று கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாவது சாதிக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

"எங்க ஆளு பொருளாளரா இருக்காரு. அது உங்க கண்ணுக்குத் தெரியலயா? எங்க பேர மட்டும் ஏன் விட்டீங்க?"

சாதியைக் கண்டித்து எழுதிய கட்டுரையில் தங்கள் சாதிக்கு இடம் இல்லையே என்று சண்டை! நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து, மேசைக்கு அடியில் இல்லாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு ஆசிரியர் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். அன்றோடு ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் சாதிப் பெயரும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். 'ஒரு தரப்பு', 'ஒரு தோட்டம்' என்று போட்டால் போதும், யாரும் வரமாட்டார்கள் என்றார். நானும் அப்பாடா என்று நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் வசந்தா படியேறி வந்தாள். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, மரங்களெல்லாம் போய், தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் மாரியம்மன் கோயிலும் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. அங்கிருந்து தினமும் பஸ் ஏறி ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, தான் எழுதிய கட்டுரையை என் முன்னால் வைத்தாள்.

அவள் எழுதியிருந்தது இதுதான். அவர்கள் கோயில் திருவிழாவில் ரதம் எல்லா லயத்துக்கும் போகும். கடைசி லயத்துக்கு முன்னால் உள்ள முக்கில் திரும்பிவிடும். கடைசி லயத்து ஜனங்கள் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு முக்குக்கு வந்து நிற்க வேண்டும். காரணம் சாதி. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் ரத விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டரை வண்டியில் வைத்து ரதத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போவது கடைசி லயத்து ஆண்கள்தான். வசந்தாவின் அப்பாவும் அதில் ஒருவர். மற்ற வீட்டு வாசல்களுக்கெல்லாம் வெளிச்சம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தன் வீடு இருக்கிற பக்கம் பார்க்காமல் அவரும் முக்கில் திரும்பிவிடுவார். கட்சிக் கிளைத் தேர்தல் வந்தால் மட்டும் லோரி கடைசி லயத்து வாசல் வரைக்கும் வரும், ஓட்டுப் போட ஆள் ஏற்றிக்கொண்டு போக.

படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். "யாரும்மா உனக்கு இப்படி எழுதக் கத்துக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. கோவம் வந்துச்சு, எழுதிட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேரு மட்டும் போட்றாதீங்க. போட்டா எங்களுக்கு வீடு இல்ல."

அது வெறும் பயம் இல்லை. நிலத்தை வாங்கிய சீன முதலாளி, அந்தத் தவுக்கே, லயத்தில் யார் இருக்கலாம், யார் காலி பண்ண வேண்டும் என்பதையெல்லாம் கோயில் தலைவரின் பொறுப்பில் விட்டிருந்தார். கட்சிக் கிளைக்கும் அவரேதான் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வசந்தாவும், அப்பாவும், அம்மாவும் சட்டிபானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

புனைபெயர் போட்டோம். தோட்டத்தின் பெயர் இல்லை, தலைவரின் பெயர் இல்லை, ஊர் இல்லை. மாநிலத்தைச் சொல்லி 'பேராக்கில் ஒரு தோட்டம்' என்று மட்டும் வந்தது. பத்திரிகை கடைக்குப் போனது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகையைத் தனியாக உட்கார்ந்து மனசுக்குள் படித்தவர்கள் குறைவு. முடிவெட்டும் கடையிலோ கள்ளுக்கடையிலோ ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றியிருக்கிற மற்றவர்கள் கேட்பார்கள். படிக்கிறவர் சும்மா படிக்க மாட்டார், உப்பு புளி சேர்த்துப் படிப்பார். 'ஒரு தோட்டம்' என்று நாங்கள் பத்திரமாகப் போட்ட இடத்தில், ஒவ்வொரு ஊரிலும் படிக்கிறவர் தன் தோட்டத்தின் பெயரை வைத்துப் படித்துவிட்டார்! 'ஒரு தலைவர்' வந்த இடத்தில் தன் தலைவரின் பெயர். கேட்டவர்களுக்கு அது அப்படியே அச்சில் வந்த செய்தி.

முதலில் தாப்பாவிலிருந்து ஒரு கோயில் கமிட்டி வந்தது, ஒரு பை கொய்யாப்பழத்தோடு. அதன் தலைவர் உட்காரக்கூட இல்லை.

"எங்க தோட்டத்தைத்தான் எழுதியிருக்கீங்க! பேரு போட்டு எழுதியிருக்கீங்க!"

"எங்கண்ணே பேரு போட்டிருக்கு? காட்டுங்க" என்று பத்திரிகையை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தேடினார். பக்கத்தில் இருந்தவரும் தேடினார். "முடிவெட்டுற கடையில படிச்சாங்களே, என் காதால கேட்டேன்லா" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "பேரு இல்லாட்டியும் எங்களைத்தான் சொல்றீங்க. எங்க ரதம் அந்த லயத்துக்குப் போகாதது சாதிக்காக இல்ல. அங்க ரோட்டுல பள்ளம்" என்றார்.

நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவராகவே சொன்னது. அவர்கள் போன ஈரம் காய்வதற்குள் தெலுக் இந்தானிலிருந்து இன்னொரு கூட்டம். அவர்கள் தோட்டத்திலும் ரதம் திரும்பிவிடுமாம். அங்கே பள்ளம் இல்லை, வடிகால். அடுத்து வந்தவர்கள்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் கோயிலுக்கு ரதமே கிடையாதாம். சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்களாம். "ஆனாலும் எங்களைத்தான் எழுதியிருக்கீங்க!"

ஆசிரியர் பின்னறைக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "பிள்ளை, பேர் போட்டிருந்தால் ஒரு ஆள்தான் வந்திருப்பான். போடாததாலை பேராக்கே வந்து நிக்குது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, 'அவன்தானே எழுதினான்?' என்றார்கள். மற்றபடி எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான்: 'எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை' என்று வாசகர் பக்கத்தில் போட வேண்டும். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் சிம்பாங் பூலாய்த் தலைவரே வந்தார். வசந்தாவின் தலைவர். தனியாக வந்தார், நிதானமாகப் படியேறினார். இரண்டு பம்ளிமாஸ் பழங்களை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களிடம் எனக்குப் பயம் இல்லை. இவரிடம் இருந்தது.

"பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "நான் சண்ட போட வரல. எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"அத நாங்க சொல்றதில்லண்ணே."

"தெரியும். ஆனா எங்க பக்கம் கடைக்காரங்க எல்லாம் நம்ம ஆளுங்க. நாளைக்கு உங்க பத்திரிகைய எடுக்க மாட்டாங்க." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு விரலால் மேசையைத் தட்டியபடி ஆரம்பித்தார். "கடைசி லயத்துல எழுதத் தெரிஞ்ச ஆளு எத்தன பேரு? தமிழ்ப்பள்ளில வேல செய்யிற முருகையா. அவனா?"

இளையவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். முருகையா எழுதவில்லை. 'ஐயோ, அவர் இல்லண்ணே' என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பாவம், சம்பந்தமே இல்லாத மனிதன்! ஆனால் அவர் இல்லை என்று இப்போது சொல்லிவிட்டால், அடுத்த பெயருக்கு நான் என்ன சொல்வேன்? சும்மா இருந்தாலும் அதுவே பதில். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பம்ளிமாஸை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"இல்ல, ஃபேக்டரிக்குப் போகுதே வசந்தா, அந்தப் புள்ளயா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் வீடு என் மூஞ்சியில்தான் இருந்தது. நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, குரலை மாற்றாமல் சொன்னேன்: "அண்ணே, உங்களுக்கு முன்னாடி வந்த தலைவருங்களும் இப்படித்தான் ஆளுக்கொரு பேரு சொன்னாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க தோட்டத்துல யாரோ ஒருத்தர் மேல சந்தேகம்."

அவர் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "மத்த தலைவருங்களா? யாரு?"

"தாப்பாவுல இருந்து வந்தாங்க. தெலுக் இந்தான்ல இருந்து வந்தாங்க. ரதமே இல்லாத தோட்டத்துல இருந்தும் வந்துட்டாங்க."

"அவங்க ஏன் வராங்க? அது எங்க தோட்டம்லா!" என்றார், ஏதோ அவர் சொத்தை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

"அப்படியாண்ணே? நாங்க எந்தத் தோட்டம்னும் போடலியே. நீங்கதான் இப்ப சொல்றீங்க."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. முன்கூட்டி யோசித்ததெல்லாம் இல்லை, சாமி சத்தியமாக. "தாப்பாக்காரங்க எங்க தோட்டத்துல அப்படி இல்லன்னு வாசகர் பக்கத்துல போடச் சொல்லியிருக்காங்க. போடத்தான் போறோம். ஆனா வெறும் வார்த்தய யாருண்ணே நம்புவா? திருவிழாவுக்கு நான் கேமராவோட போறேன். கடைசி லயத்துல ரதம் நிக்கிற படத்தோட போடுவோம். பக்கத்துல தலைவரு நிக்கலாம். உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். அவர் தலை மறைந்ததும், உடனே தாப்பா தலைவருக்குப் போன் போட்டு இதே வார்த்தையைச் சொன்னேன். பிறகு ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தாப்பா திருவிழாதான் முதலில் வந்தது. பள்ளம் என்று சொன்னார்களே, அதில் ஒரு லோரி மண்ணைக் கொட்டி நிரவி வைத்திருந்தார்கள். ரதம் கடைசி லயத்தில் போய் நின்றது. தலைவர் வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றார். படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டோம். பத்திரிகை கடைக்கு வந்த மறுநாளே சிம்பாங் பூலாய்த் தலைவரிடமிருந்து போன். "தாப்பாக்காரனுக்கு அரப் பக்கம். எங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"அவங்களவிட கொஞ்சம் பெருசாவே போடலாம்ணே."

"அப்ப வாங்க" என்று வைத்துவிட்டார்.

போனேன். பொழுது சாயும்போது ரதம் கோயிலை விட்டுக் கிளம்பியது. ஒவ்வொரு லயமாக வந்து அந்த முக்கை அடைந்ததும், ரதத்தை இழுத்தவர்கள் பழக்கத்தில் அப்படியே திரும்பிவிட்டார்கள். தலைவர் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். "எங்கடா திரும்புறீங்க? நேரா போங்கடா, நேரா!" என்று கத்தினார். முன்னால் இருந்தவர்கள் நிற்க, பின்னால் இருந்தவர்கள் முட்ட, சாமி ஒரு ஆட்டம் ஆடி நின்றாள். அதற்கப்புறம் ரதம் நேராகப் போனது. வழியில் பள்ளம் இல்லை, வடிகால் இல்லை, ஒரு கல்கூட இல்லை.

வசந்தாவின் அம்மா வாசலில் தட்டோடு நின்றார். தட்டை முன்னால் நீட்டினார். பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் என் கேமராவைப் பார்த்தார். பிறகு சட்டென்று எட்டி, அந்த அம்மாவின் கையிலிருந்த தட்டைத் தன் கையால் வாங்கிப் பூசாரியிடம் நீட்டினார். நான் படம் எடுத்தேன். பின்னால் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த வசந்தாவின் அப்பா, வண்டியை விட்டுவிட்டு அப்படியே நின்றார். ரத விளக்கு வெளிச்சம் அவர் வீட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேமராவை முகத்தை விட்டு எடுக்கவே இல்லை.

தலைவர் உற்சாகமாக என்னிடம் வந்தார். "பார்த்தீங்கல்ல? எழுதிக்குங்க. எங்க தோட்டத்துல எப்பவும் இப்படித்தான்."

பக்கத்தில்தான் வசந்தா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் அந்த 'எப்பவும்' என்ற வார்த்தையில் அணைந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து நேராக வந்தாள். "ரதம் வந்துச்சு. சந்தோஷம்தான்கா. அம்மா ராத்திரி பூரா அதையே பேசிக்கிட்டு இருந்தாங்க. ஆனா எப்பவும் இப்படித்தான்னு போடப் போறீங்களா?"

"அவர் சொன்னத அவர் பேர்ல போடறதா வாக்கு கொடுத்திருக்கேனே" என்றேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டது.

"அப்ப நான் சொல்றதையும் போடுங்க. இந்த வருசம்தான் மொத தடவ வந்துச்சுன்னு. என் பேரு போட்டு, தோட்டத்துப் பேரு போட்டு."

பின்னறைக் கதவு திறந்தது. ஆள் இருக்கும்போதே ஆசிரியர் வெளியே வந்து நான் பார்த்தது அன்றுதான். "பிள்ளை, வேண்டாம். வீடு போயிடும். நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுதுதானே?" என்று கெஞ்சினார். நானும் சேர்ந்துகொண்டேன். சண்டையே போட்டேன். உனக்கென்ன பைத்தியமா, அப்பாவையும் அம்மாவையும் எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று கத்தினேன். உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

அவள் அசையவில்லை. "வீடு போனா எங்கயாச்சும் ஒரு ரூம் பார்த்துக்கலாம்கா. எப்பவும் இப்படித்தான்னு போட்டுட்டா, எங்கப்பா இத்தன வருசமா அந்த முக்குல திரும்பினது என்னாகும்? அது நடக்கவே இல்லன்னு ஆயிடாதா? அப்பா கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். போடுன்னாரு."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

அந்த இதழில் படத்தைப் பெரிதாகப் போட்டோம். கீழே இடது பக்கம் தலைவர் சொன்னது, அவர் பெயரோடு. வலது பக்கம், அதே அளவில், வசந்தா எழுதியது: "எங்கள் வீட்டு வாசலுக்கு ரதம் இந்த ஆண்டுதான் முதன்முறையாக வந்தது. இதுவரை முக்கிலேயே திரும்பிவிடும். முன்பு இந்தப் பத்திரிகையில் வந்த கட்டுரையை எழுதியதும் நான்தான்." கீழே அவள் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர். படத்தில் தட்டோடு நிற்கிற அம்மா யார், பக்கத்தில் கையை நீட்டி நிற்கிறவர் யார் என்றும் விளக்கம் போட்டோம். உரக்கப் படிக்கிறவர்கள் இந்த முறை எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகை வெளியான வாரம் படியில் அந்த நிதானமான செருப்புச் சத்தம் கேட்டது. தலைவர் வெறுங்கையோடு வந்தார். ஆசிரியர் உள்ளே போகவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், நெற்றியெல்லாம் வேர்வை.

தலைவர் முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கே எனக்குத் தெரியும்மா, அந்தப் புள்ளதான்னு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மறுநாளே தவுக்கே கிட்ட போயிருப்பேன்."

"இப்ப போவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இப்ப எங்கலா போறது?" என்று கடுப்போடு கையை விரித்தார். "அவங்கம்மா தட்ட நான் கையில வாங்குறேன், அத ஊரே பார்த்தாச்சு. கடைசி லயத்துல என்னக் கண்டா கும்புடுறானுங்க. கிளைத் தேர்தல் வேற வருது. இந்த நேரத்துல அந்த வீட்ட காலி பண்ணுன்னு எந்த வாயால சொல்லுவேன்? நல்லா மாட்டிவிட்டீங்க போங்க."

ஆசிரியர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். கீழே குரல் கொடுத்துத் தலைவருக்கு ஒரு கோப்பி வரவழைத்தேன். அவர் அதை மெதுவாகக் குடித்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பத்திரிகை கேட்டு வாங்கிக்கொண்டார். படிவரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"அடுத்த வருசமும் படம் எடுக்க வாரீங்களா?"

"வரலன்னா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க வராட்டியும் ரதம் போகும்மா. நிறுத்தினா அந்தப் புள்ள பேரு போட்டு எழுதும்லா."